கையேட்டுப் படத்தை நம்பிச் சேர்க்காதீர்கள்

சகோதரி, கண்டிப் பாடசாலையின் விளம்பரக் கையேட்டில் பொட்டு வைத்த பிள்ளையும் பர்தா போட்ட பிள்ளையும் முன்வரிசையில் சிரிப்பதைப் பார்த்து, ஹட்டனிலிருந்து மகளை அங்கே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2000இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகமே, விளையாட்டுப் போட்டிக்கே போகாத கறுப்பின மாணவர் ஒருவரின் முகத்தை அதன் பார்வையாளர் கூட்டத்தில் ஒட்டி, தன் சேர்க்கைக் கையேட்டுக்கு அட்டைப்படம் போட்டது.

நேரில் போய் நேரசூசியைக் கேளுங்கள். சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை சமயம் கட்டாயப் பாடம். சைவநெறிக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை அந்த நேரம் பிள்ளையை நூலகத்தில் உட்கார வைப்பார்களா? தமிழ்மொழி மூலம் எந்த வகுப்பு வரை? அப்புறம், இடைவேளையில் யாரோடு யார் சாப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். எனக்கு அதுதான் பெரிசு. அங்கே படிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் தாயிடம் பேசிவிட்டே பணம் கட்டுங்கள்.