முதுகு காட்டி வாசிப்பவர்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வட கரோலினாவின் ஷார்லட் நகரில் சில ஆண்டுகளாக வசித்து வருகிறேன். அமெரிக்க மலைப்பகுதி இசையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்புகளைப் படித்த ஆர்வத்தில், கடந்த ஆகஸ்டில் அலுவலக நண்பர் ஒருவருடன் வர்ஜீனியா மாநிலத்தின் கேலாக்ஸ் ஊரில் நடக்கும் பழைய பிடில் கலைஞர் மாநாட்டுக்குப் போய், ஒரு நாள் முழுவதும் இருந்தேன். உண்மையைச் சொன்னால், ஏமாற்றத்துடன்தான் திரும்பினேன்.

மேடையில் போட்டியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஆளுக்கு ஒரு மெட்டு வாசித்துவிட்டு இறங்கிப் போனார்கள். எதிரே அமர்ந்திருந்தவர்களில் பலர் கவனிக்கவே இல்லை. மேடைக்கு அப்பால் கூடாரங்களும் வண்டிகளும் நின்ற இடத்தில் இன்னும் நிறையப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோ வட்டமாக நாற்காலி போட்டு, நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, ஒரே மெட்டைப் பத்து நிமிடம் மாற்றமில்லாமல் வாசித்தார்கள். முடிந்ததும் கைதட்டலாமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. புளூகிராஸ் என்ற பிற்கால வகை இசையை வாசித்த குழுக்கள் பிடித்திருந்தன. ஆனால் அந்த வட்டங்களில் வாசித்த, ‘ஓல்ட் டைம்’ எனப்படும் பழைய மலைப்பகுதி இசை எனக்குள் இறங்கவே இல்லை. ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் என்று கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது கலையாகத் தெரியவில்லை. விடுமுறைப் பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது. கூட்டத்தில் வெள்ளையர் அல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதும் உறுத்தியது.

என் மதிப்பீடு தவறா? என் மகள் கர்நாடக வயலின் கற்கிறாள். அவளை அடுத்த முறை அழைத்துச் செல்வதில் பயன் உண்டா?

அன்புடன்,
ம.
ஷார்லட்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் பார்த்தவை எல்லாம் சரியே. மேடை அலுப்பூட்டும், பார்வையாளர்கள் கவனிக்கமாட்டார்கள், வட்டமாக அமர்ந்தவர்கள் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நானும் ஓர் ஆகஸ்டில் அந்த மாநாடு நடக்கும் ஃபெல்ட்ஸ் பூங்காவில் இருந்திருக்கிறேன். மேடைக்கு எதிரே என்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடிந்ததில்லை. ஆனால் இவற்றை வைத்து நீங்கள் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முதுகுகளுக்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்குள்தான் இந்த இசையின் இலக்கணமே இருக்கிறது.

முதலில் மேடை. 1935இல் கேலாக்ஸில் மூஸ் சங்கம் என்ற சகோதரச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, தன்னை ஊருக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளவும் கொஞ்சம் நிதி திரட்டவும் இந்தப் போட்டியைத் தொடங்கியது. இன்றுவரை அதுவே நடத்தி வருகிறது. ஆகஸ்டின் இரண்டாவது வாரம், திங்கள் முதல் சனி வரை பிடில், பேஞ்சோ (தோல் போர்த்திய உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக் கருவி), மாண்டலின், கிதார், டோப்ரோ, ஆட்டோஹார்ப், நடனம், பாட்டு, குழு என்று வகை வகையாகப் போட்டிகள் நடக்கும். மின்கருவிகளுக்கு இடமில்லை. போட்டியில் பெயர் கொடுத்தவர் மேடையில் நிற்பது சில நிமிடங்கள்தான். வாரத்தின் மற்ற நேரம் முழுவதும் தன் கூடாரத்தின் முன் வாசித்துக்கொண்டிருப்பார். ஆண்டுதோறும் அதே குடும்பங்கள் வந்து கூடுவதற்குப் போட்டி ஒரு சாக்கு. நீங்கள் சாக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, விழாவைக் காணவில்லை என்கிறீர்கள்.

அடுத்து, உங்களை அலுக்க வைத்த பத்து நிமிடங்கள். கேலாக்ஸ் இருக்கும் இந்த அப்பலாச்சிய மலைப்பகுதியில் பிடில் முதன்மையாக நடனத்துக்கான கருவி. இணை இணையாக ஆடுபவர்களுக்கு ஒருவர் அடுத்தடுத்த அசைவுகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்கள் எல்லாச் சுற்றையும் முடிக்கும்வரை பிடில் நிற்கக்கூடாது. எனவே மெட்டு சிறியது. பெரும்பாலானவற்றில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் எட்டு அளவுகள் (தாளக் கட்டங்கள்), ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிக்க வேண்டும். நடன வேகத்தில் முழுச் சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். பத்து நிமிடத்தில் அதே சுற்றைப் பதினைந்து முறைக்கு மேல் கேட்டிருப்பீர்கள். நடனம் இன்று பல இடங்களில் விலகிவிட்டது. திரும்பத் திரும்ப வாசிக்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அது வெறும் பழக்கத்தால் நிலைக்கவில்லை. முதல் மூன்று நான்கு சுற்றுகள் மெட்டை நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே போகும். அதற்குப் பிறகுதான் வில்லும் பேஞ்சோவும் ஒன்றின் அடியை மற்றொன்று எதிர்பார்க்கத் தொடங்கும். ஒரு நல்ல வட்டத்தில் ஏழாம் சுற்றும் இரண்டாம் சுற்றும் ஒன்றல்ல. ஸ்வரங்கள் மாறியிருக்காது, வில் எந்த இடத்தில் அழுந்துகிறது, எந்த ஸ்வரம் தாளத்துக்கு ஒரு நூலிழை முன்னதாக வந்து விழுகிறது என்பவை மாறியிருக்கும். இருபதடி தொலைவில் முதுகுகளுக்குப் பின்னால் நிற்பவருக்கு இந்த மாற்றம் கேட்காது. அது கேட்க வேண்டியவர்கள் எதிரெதிரே முழங்கால் படும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிக்கும் நேரம் வந்ததும் பிடில்காரர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அதுதான் கடைசிச் சுற்று என்பதற்கு அடையாளம். முகங்கள் உள்நோக்கி இருக்க வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கர்நாடக இசை கேட்பவர் என்பதால் உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். வயலினின் தாழ்ந்த இரண்டு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி, இரண்டு ஜோடித் தந்திகளும் ஒன்றுக்கொன்று ஒத்தொலிக்கும்படி வைத்துக்கொள்வது இந்த மலைக்காரர்களின் பழைய வழக்கம். அதை நம் கணக்கில் சொன்னால் ஸ, ப, ஸ, ப. உங்கள் மகளின் வயலின் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறதோ அப்படியே. மெட்டு ஒரு தந்தியில் ஓட, பக்கத்துத் தந்தி சுருதியாக ஒலித்துக்கொண்டே இருக்கும். பேஞ்சோவின் ஐந்தாவது தந்தியும் இதே வேலைதான் செய்கிறது. மற்றவற்றைவிடக் குட்டையான அந்தத் தந்திக்குக் கழுத்தின் நடுவில் தனிப் பிரடை இருக்கும். நகத்தால் கீழ்நோக்கித் தட்டும் பழைய பாணியில், கட்டைவிரல் அந்தத் தந்தியில் விழுந்து ஒரே உச்ச ஸ்வரத்தை விட்டு விட்டு ஒலிக்கச் செய்யும். இப்படிச் சுருதி மாற்றி வைத்துக்கொள்வதால்தான் ஒரு வட்டம் மணிக்கணக்கில் ஒரே சுருதியில் தங்கிவிடுகிறது. இன்னொரு சுருதிக்குப் போவதென்றால் எல்லோரும் நிறுத்தித் தந்திகளை முறுக்க வேண்டும். ‘மாற்றலாமா’ என்று ஒருவர் கேட்பதே அந்த மாலையின் பெரிய நிகழ்ச்சி.

புளூகிராஸ் உங்களுக்குப் பிடித்தது வியப்பில்லை. அது கேட்பவரை முன்னிறுத்தி உருவான இசை. கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ 1939இல் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓலே ஓப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 1945இன் இறுதியில் வட கரோலினாவின் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் பேஞ்சோ மீட்டும் தன் பாணியுடன் அவருடைய ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவுக்கு வந்தார். அந்தக் குழுவின் பெயரே பின்னர் இசை வகையின் பெயராயிற்று. வானொலியும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே கொள்ளும் இசைத்தட்டும் வகுத்த எல்லைக்குள் அந்த இசை வடிவம் பெற்றது. அதில் பாட்டு உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு, ஒவ்வொருவரும் முறை வைத்து முன்னால் வந்து தன் திறமையைக் காட்டிவிட்டுப் பின்வாங்குவார்கள். ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி இதை மோதிக்கொள்ளாமல் செய்வது தனிக் கலை. தனி ஆவர்த்தனத்துக்குப் பழகிய காதுக்கு இது உடனே புரியும். ஓல்ட் டைம் வட்டத்தில் இந்த முறைவைப்பு கிடையாது. எல்லோரும் எப்போதும் வாசிக்கிறார்கள். தனித்து ஒலிப்பது அங்கே பண்பாகக் கருதப்படுவதில்லை.

கற்பனை விரிவு இல்லாததால் அது கலையில்லை என்கிறீர்கள். மார்கழி விடியலில் தெருவில் பஜனை பாடிப் போகிறவர்களிடம் நிரவல் எங்கே என்று நீங்கள் கேட்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வாசிப்பவர்களில் கணிசமானவர்கள் சாதாரணமாகத்தான் வாசிப்பார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறந்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். கேலாக்ஸுக்குத் தெற்கே, வட கரோலினாவின் ரவுண்ட் பீக் பகுதியைச் சேர்ந்த டாமி ஜாரல் மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலையைச் சமன்செய்யும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1960களின் இறுதியிலிருந்து நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் அவர் வீட்டுக்கு வந்து தங்கிக் கற்றுப் போனார்கள். அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமை விருது தொடங்கப்பட்ட 1982ஆம் ஆண்டிலேயே அது அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய பதிவு ஒன்றை எடுத்து, மெட்டைக் கவனிக்காமல் வில்லை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கற்பனை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நிறம் பற்றிய உங்கள் உறுத்தல் நியாயமானது. சற்று விரிவாகவே சொல்கிறேன். பேஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுவையையும் தோலையும் கொண்டு கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய கருவி. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த பிடிலோடு அது சேர்ந்ததில்தான் இந்த இசை பிறந்தது. பில் மன்றோவே தன் சிறு வயதில் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடன் நடனங்களுக்கு வாசித்தவர். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களுக்கு ஒரு பட்டியல், வெள்ளையர்களுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தபோது, பிடிலும் பேஞ்சோவும் வெள்ளையர் கணக்கில் எழுதப்பட்டன. கேலாக்ஸுக்கு மேற்கே வைட் டாப் மலையில் 1931 முதல் 1939 வரை ஒரு நாட்டுப்புற விழா நடந்தது. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் 1933இல் அங்கே வந்திருக்கிறார். அதை வழிநடத்தியவர்களில் ஒருவரான ஜான் பவல், வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டு இனத்தூய்மைச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். ஆங்கிலோ சாக்சன் இனத்தின் தூய இசையைக் காப்பதாகச் சொல்லி நடந்த அந்த விழாவில் கறுப்பர்களுக்கு இடமில்லை. மரபைக் காக்கிறோம் என்று யாராவது சொன்னால், எதை விட்டுவிட்டுக் காக்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

எல்லாம் அழிந்துவிடவில்லை. வட கரோலினாவின் மெபேன் ஊரில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில் கலைஞர், தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த மெட்டுகளை 2012இல் மறையும்வரை வாசித்தார். 2005 முதல் அவர் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்ட ரியானன் கிடென்ஸும் நண்பர்களும்தான் ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழுவாகி, உலகெங்கும் மேடையேறி, கிராமி விருதும் பெற்றார்கள். அவர்கள் கற்ற விதத்தைக் கவனியுங்கள்: எதிரே உட்கார்ந்து, அவர் வாசிக்க வாசிக்கக் கூடவே வாசித்து.

உங்கள் மகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கேலாக்ஸில் திங்கட்கிழமை மாலை இளையோருக்கான போட்டி. அன்று அவள் வயதுப் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். வயலினை எடுத்துப் போகட்டும். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். தோளில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மார்பில் அணைத்து வாசித்த பழைய பிடில்காரர்கள் அங்கே நிறைய. வட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு, வெளி வரிசையில் அமர்ந்து, முதலில் சுருதித் தந்திகளை மட்டும் தாளத்தோடு மெல்ல இழுக்கட்டும். மெட்டுக்கு மெட்டு இடைவெளியில் தனக்குத் தெரிந்ததை வாசித்துக் காட்டக்கூடாது. அதை அவர்கள் விரும்பமாட்டார்கள். கமகம் தானாகவே கையில் வரும். யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கலாம். நீங்களும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே உட்காருங்கள்.

ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம் என்றால், ஜூன் தொடக்கத்தில் வட கரோலினாவின் மவுண்ட் ஏரியில் 1972 முதல் நடந்துவரும் பிடில் மாநாடு இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஐ-77 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கேலாக்ஸுக்கு முன்பே வந்துவிடும். டாமி ஜாரலின் ஊர்ப்பக்கம் அதுதான். ஓல்ட் டைம் வட்டங்கள் அங்கே இன்னும் அதிகம்.

அன்புடன்.