கோப்பை வாங்கிய கோச் மலை ஏறினால் அணி எழுந்துவிடுமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். எங்கள் ஆண்கள் கூடைப்பந்து அணி நான்கு வருடமாகப் பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் முதல் சுற்றோடு திரும்பி வருகிறது. போன வருடம் முழுதாக 12 பேர் கூடத் தேறவில்லை. சமவெளியில் நிறையக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஒரு கோச்சைச் சம்பளம், குடியிருப்பு எல்லாம் கொடுத்து அழைத்துவர நிர்வாகம் தயாராக இருக்கிறது. அந்தப் பணத்தில் கோர்ட்டைப் புதுப்பிக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

பதில்:

சார், கோச்சை எடுங்கள். கோர்ட்டுக்கு அப்புறம் வருகிறேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: அந்தக் கோப்பைகளை வாங்கியபோது உங்கள் கையில் இருந்த பையன்கள் யார்?

சமவெளியில் கோப்பை எப்படி வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டு விடுதியில் ஆறேழு வருடம் வளர்ந்து, மாநில அணிக்கு ஆடிய பையனுக்கு இலவச சீட், சாப்பாடு, ஷூ என்று கொடுத்துப் பெரிய கல்லூரிகள் அழைத்துக்கொள்கின்றன. ஆறரை அடிப் பையன் இரண்டு பேர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே கோச்சின் வேலை, இருக்கிற திறமையைச் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது. அதுவும் லேசான வேலை இல்லை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிளஸ் டூ வரை பந்தைத் தொட்டே பார்க்காத மன்னவனூர் பையனுக்கு இடது கையில் லே-அப் (ரிங் பக்கம் ஓடிப்போய் கிட்டத்திலிருந்து பந்தைப் போடுவது) போடச் சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது ஆள்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த இரண்டு வகையும் தெளிவாகத் தெரியும். ரிக் பிட்டினோ என்கிற பேர்போன கோச் 2023-ல் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இரண்டாவது சீசனிலேயே, 2024-25-ல், 31 வெற்றி, 5 தோல்வி, அந்தக் கல்லூரி ஆடும் பிக் ஈஸ்ட் லீகின் பட்டம். பார்க்கிறவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இப்போது ஒரு கல்லூரியில் ஆடுகிற பையன் சுலபமாக வேறு கல்லூரிக்கு மாறலாம், பணமும் வாங்கலாம். பிட்டினோ பெயரைச் சொன்னால் ஆட்கள் வருவார்கள். கொடைக்கானலுக்கு யார் வருவார்கள், சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தை. 1980-களில் ஒலாஜுவோன், டிரெக்ஸ்லர் மாதிரி பெரிய நட்சத்திரங்கள் ஆடிய கல்லூரி அது. அப்புறம் படுத்துவிட்டது. 1984-க்குப் பிறகு தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம் கூட ஜெயிக்கவில்லை. 2014-ல் கெல்வின் சாம்ப்சன் கோச்சாக வந்தார். முதல் சீசனில் 13 வெற்றி, 19 தோல்வி. உங்கள் நிர்வாகமாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லியிருக்கும். அங்கே விட்டுவைத்தார்கள். 2018-ல் அந்த 34 வருட வறட்சி தீர்ந்தது, 2021-ல் கடைசி நான்கில் வந்தார்கள், 2025-ல் இறுதிப் போட்டியில் ஃபுளோரிடாவிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். சாம்ப்சன் அணிகளை எதிர்த்து ஆடுவது ஏன் கஷ்டம் என்றால், டிஃபென்ஸும் ரீபவுண்டும் (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது). இரண்டுக்கும் உயரத்தை விட உழைப்புதான் முதலில் வேண்டும். அதைக் கொடைக்கானலிலும் சொல்லிக்கொடுக்கலாம்.

இதற்கு நேர் எதிர் கதையும் உண்டு. பாட்ரிக் யூயிங் ஆட்டக்காரராக 1984-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 2017-ல் அதே கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாக வந்தார். நடுவில் 2021-ல் ஒரு கோப்பை கிடைத்தது. அடுத்த சீசனிலேயே பிக் ஈஸ்ட் ஆட்டங்களில் 19-க்கு 19 தோல்வி. 2023-ல் அனுப்பிவிட்டார்கள். நன்றாக ஆடினவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நம் ஊரிலும் ஒரு நினைப்பு இருக்கிறது. ‘இந்தியாவுக்கு ஆடினவர்’ என்ற ஒரே தகுதியோடு வருகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. பல வருடம் முன்பு நானே ஒரு கோப்பைக் கோச்சாக ஒரு மலைக் கல்லூரிக்குப் போனவன். சமவெளியில் ஃபுல் கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க எதிரணியை விரட்டி மறிப்பது) ஆடி ஜெயித்துக்கொண்டிருந்த திமிர் தலையில் இருந்தது. முதல் நாள் காலை ஆறேகால் மணி. ஒரு ரிங்குக்குக் கீழே நிற்கிறேன், எதிர் ரிங் தெரியவில்லை. மஞ்சுக்குள்ளிருந்து முதலில் பந்து தட்டும் சத்தம் வருகிறது, அப்புறம் பந்து வருகிறது, அதற்குப் பின்னால்தான் பையன் வருகிறான். சிமென்ட் தரையில் இரவு ஈரம், ஓரமெல்லாம் பாசி. நான் பிரஸ் போடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள், ஒருவனுக்குக் கணுக்கால் பிசகி ஒரு மாதம் போனது.

மூன்றாவது வாரம் 14 பேரில் 7 பேர்தான் வந்தார்கள். சோம்பேறிகள் என்று பெயரை அடித்துவிட்டேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர்தான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “சார், பூம்பாறைல பூண்டு எடுக்கறாங்க. பசங்க காட்டுலதான் இருப்பாங்க. பத்து நாள்ல வந்துருவாங்க.” அதற்குள் நான்கு பேரை அணியை விட்டே நீக்கியிருந்தேன். அவர்கள் திரும்ப வரவேயில்லை. அதில் ஒருவன் அந்தக் கல்லூரியில் நான் பார்த்ததிலேயே நல்ல கை உள்ள பையன். அந்த வருடம் நாங்களும் முதல் சுற்றோடுதான் திரும்பினோம்.

அதனால் வருகிறவருக்கு மலையின் நாட்காட்டியை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பூண்டு, கேரட் எடுக்கும் நாட்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தை, ஏப்ரல் மே சீசனில் பையன்கள் டாக்ஸிக்கும் ரூமுக்கும் ஆள் பிடிக்கப் போவது, கூக்கால் கிளாவரைப் பக்கம் போகிற பையனுக்குச் சாயங்காலம் எத்தனை மணி பஸ் என்பது, எல்லாம். அதைப் பார்த்துவிட்டு “அப்படியானால் பிராக்டீஸை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்கிறவர் உங்கள் ஆள். “டிசிப்ளின் இல்லாத பையன் எனக்கு வேண்டாம்” என்று சொல்கிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வத்தலக்குண்டு பஸ் ஏற்றிவிடுங்கள்.

சரி, கோர்ட்.

ஜான் வுடன் என்கிற கோச் 1948-ல் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது கிடைத்த இடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. பக்கத்திலேயே மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிராக்டீஸுக்கு முன் அவரே தரையைத் துடைத்திருக்கிறார். அப்படி ஓர் இடத்தில் பயிற்சி எடுத்துத்தான் 1964, 1965 இரண்டு வருடமும் தேசியப் பட்டம் வாங்கினார்கள். புது அரங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு நாள் பிராக்டீஸையும் நிமிடக் கணக்கில் சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்வார். சீசனின் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது காலுறை போடுவது எப்படி என்று. மடிப்பு விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பையன் உட்கார்ந்துவிடுவான். நம் பையன்கள் ஈரக் காலுறையோடு ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். முதல் பட்டத்துக்கு அவருக்கு ஏறக்குறைய 16 வருடம் ஆனது, அதையும் நிர்வாகத்திடம் சொல்லி வையுங்கள்.

எனவே சிந்தெடிக் தளம் இப்போது வேண்டாம். அடித்தளமும் தண்ணீர் வடியும் வாட்டமும் சரியில்லாமல் மலை ஈரத்தில் அதைப் போட்டால் சீக்கிரமே கொப்பளித்து உரியும். இருக்கிற சிமென்டில் பாசியைக் கம்பி பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஒரு பக்கம் வடிகிறதா பாருங்கள். 15 மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் போதும். அப்புறம் ஒரு டேப்பை எடுத்து ரிங் உயரத்தை அளந்துவிடுங்கள், தரையிலிருந்து 3.05 மீட்டர். சிரிக்காதீர்கள். பழைய தரை மேலேயே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டுவிட்டுக் கம்பத்தை அப்படியே விட்ட கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். பையன்கள் வருடம் முழுக்க 3 மீட்டர் ரிங்கில் பழகிவிட்டு, மேட்சில் எல்லா ஷாட்டையும் முன் விளிம்பில் அடிப்பார்கள்.

பந்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வரும்போது உப்பி நிற்குமே, அதே சங்கதிதான். 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே அளவாகக் காற்றடித்த பந்து மேலே கல்லாகிவிடும். மேலே குளிரில் 8 பவுண்டு அடித்த பந்து கீழே வெயிலில் ஆறரைப் பவுண்டு பக்கம் வந்துவிடும். மேட்ச் பந்து அவர்களுடையதுதான் என்றாலும், வார்ம்-அப்பில் தொய்ந்த பந்தைத் தட்டிவிட்டுப் போகிற பையனுக்கு முதல் ஐந்து நிமிடம் கை குழம்பும். பம்பும் கேஜும் பையில் இருக்கிறதா என்று கேட்டாலே கோச் எப்படிப்பட்டவர் என்று பாதி தெரிந்துவிடும்.

மலைப் பையனுக்கு மூச்சு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். கீழே போனால் அந்த லாபத்தை வெயில் பிடுங்கிக்கொள்ளும். 15 டிகிரியில் ஓடிய உடம்பு 36 டிகிரியில் மூன்றாவது குவார்ட்டரிலேயே நின்றுவிடும். வெப்பத்துக்கு உடம்பு முழுதாகப் பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். அவ்வளவு நாள் முடியாது என்றால் நான்கைந்து நாளாவது முன்கூட்டியே கீழே இறங்கித் தங்குங்கள். சிந்தெடிக் தளத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளி இதற்குப் போதும்.

ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு இருக்கட்டும். டியூக் பல்கலைக்கழகம் 1980-ல் எடுத்த மைக் ஷெஷெவ்ஸ்கி முதல் மூன்று சீசனில் 38 ஜெயித்து 47 தோற்றார். முன்னாள் மாணவர்கள் விரட்டச் சொன்னார்கள், நிர்வாகம் அசையவில்லை. பின்னாளில் ஐந்து தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். முதல் வருடம் கோப்பையைக் கேட்காதீர்கள். தினம் எத்தனை பேர் வந்தார்கள், பத்து ஃப்ரீ த்ரோவில் எத்தனை விழுகிறது, ஒரு மேட்சில் எத்தனை முறை பந்தைச் சும்மா தொலைத்தார்கள், இந்த மூன்றை நோட்டில் எழுதி வையுங்கள். சனிக்கிழமை மலைப் பள்ளிகளில் எட்டாவது ஒன்பதாவது பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே போடுங்கள். நான்கு வருடம் கழித்து உங்கள் அணி அங்கிருந்துதான் வரும்.

பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) கோச்சிங் டிப்ளமோ இருந்தால் நல்லது, அதோடு நின்றுவிடாதீர்கள். முன்பு வேலை பார்த்த கல்லூரிக்கு நீங்களே போன் போடுங்கள். பிட்டினோவையே லூயிவில் பல்கலைக்கழகம் 2017-ல் நீக்கியது. அங்கே அவர் 2013-ல் வாங்கிய பட்டமும் பின்னால் பறிபோனது. பெரிய பெயர் என்று விசாரிக்காமல் விடக் கூடாது. இன்னொன்று, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே மாதிரி ஆட்டக்காரருக்கு வேலை கொடுக்கிற அணிகளில் ஒரு பையனைத் தேர்வுக்கு அனுப்பி வைக்க அவருக்குப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். பூண்டுக் காட்டில் நிற்கும் அப்பாவிடம் நாம் சொல்லக்கூடிய ஒரே நியாயம் அதுதான்.

உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியும். கோச் வந்தால் பி.டி. சாரை ஓரம் கட்டிவிடுவார்கள் என்ற பயம். வருகை, பஸ், வீட்டோடு பேசுவது, பள்ளிக்கூடங்கள் எல்லாம் உங்கள் கையில், கோர்ட்டுக்குள் நடப்பது அவர் கையில் என்று முதலிலேயே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் மலையின் அடிவாரத்திலேயே, பெரியகுளத்தில், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. அடுக்கம் ரோடு திறந்திருந்தால் இறங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. நேர்காணலை அறைக்குள் வைக்காமல் அவரை அங்கே அழைத்துப்போய் கேலரியில் பக்கத்தில் உட்காருங்கள். ஆட்டத்தைப் பார்க்காதீர்கள், அவர் கண்ணைப் பாருங்கள். பந்து எங்கே போகிறதோ அங்கேயே கண்ணும் போனால் அவரும் நம்மைப் போல ரசிகர்தான். பந்து இந்தப் பக்கம் இருக்கும்போது அந்த மூலையில் சும்மா நிற்கிற பையனைக் காட்டி, “பாருங்க சார், அவன் கால் திரும்பியிருக்கிற லட்சணத்தை” என்று உங்கள் தொடையில் தட்டினால், அங்கேயே சம்பளத்தைப் பேசிவிடுங்கள்.