ஒரு ரவுட்டர், மூன்று கம்ப்யூட்டர், ஒன்றில் மட்டும் நெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். மனைவி நான்கைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். மூவருக்கும் தனித்தனி டெஸ்க்டாப், மூன்றிலுமே வைஃபை கிடையாது. கேபிள்காரர் தெருக் கம்பத்திலிருந்து வயர் இழுத்து நெட் கொடுத்திருக்கிறார். முதலில் என் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. மற்ற இரண்டுக்கும் வேண்டும் என்று ரவுட்டர் வாங்கினேன். வந்த பையன் எல்லா வயரையும் ரவுட்டரில் செருகி, மூன்று கம்ப்யூட்டரிலும் ‘பிராட்பேண்ட் கனெக்‌ஷன்’ என்று ஓர் ஐகான் போட்டு, யூசர் நேம், பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். யார் முதலில் கனெக்ட் செய்கிறாரோ அவருக்குத்தான் நெட் வருகிறது. அடுத்தவர் அழுத்தினால் ‘எரர் 691’ என்கிறது. பாஸ்வேர்டு சரிதான். கடையில் கேட்டால் ‘ரவுட்டர் ஃபால்ட், இதைவிடப் பெரியது வாங்குங்கள்’ என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரவுட்டர் நன்றாக இருக்கிறது. அதை ரவுட்டராகவே யாரும் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

ரவுட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான்கு ஓட்டைகள் ஒரே நிறத்தில் இருக்கும். ஒன்று மட்டும் வேறு நிறத்திலோ சற்றுத் தள்ளியோ இருக்கும். அதன் மேல் ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்று எழுதியிருக்கும். கம்பத்திலிருந்து வரும் வயர் அதில்தான் செருகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது மற்ற நான்கில் ஒன்றில், அதாவது லேன் போர்ட்டில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அப்படிச் செருகினால் அந்தப் பெட்டி வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வெறும் ஸ்விட்ச் ஆகிவிடும். மூன்று கம்ப்யூட்டரும் நேரே கேபிள்காரரின் லைனில் நிற்கும். அவர் உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரே கணக்கு, ஒரு நேரத்தில் ஒரு லாகின். முதல் ஆள் உள்ளே போனதும் இரண்டாவது ஆளைக் கேபிள்காரரின் சர்வர் திருப்பி அனுப்புகிறது. பாஸ்வேர்டு தவறாக இருந்தாலும் 691 வரும், கணக்கு ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தாலும் 691 வரும். பாஸ்வேர்டு சரி என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே இது இரண்டாவது வகை.

சில ஊர்களில் இதனால் இன்னொரு தொல்லையும் உண்டு. லேன் போர்ட் வழியாக உங்கள் ரவுட்டர் வெளி லைனுக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்குமான எண்) கொடுக்கத் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் நெட் ஏன் அடிக்கடி போகிறது என்று தெரியாமல் தவிப்பார். அதற்காகவும் இன்றே மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முறை இதுதான். கம்பத்து வயரை வேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். மூன்று கம்ப்யூட்டர்களின் வயர்களும் லேன் போர்ட்டுகளில் இருக்கட்டும். மூன்றிலும் உள்ள அந்த பிராட்பேண்ட் ஐகானை டிஸ்கனெக்ட் செய்து, அழித்துவிடுங்கள். இனி அது தேவையில்லை. பிறகு ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான முகவரி அச்சிட்டிருப்பார்கள். உள்ளே ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ பக்கத்தில் இணைப்பு வகை கேட்கும். அதில் ‘பிபிபிஓஈ’ (PPPoE, யூசர் நேம் கொடுத்து லாகின் செய்யும் வகை) என்பதைத் தேர்ந்தெடுத்து, இதுவரை கம்ப்யூட்டரில் அடித்த அதே யூசர் நேம், பாஸ்வேர்டைக் கொடுத்துச் சேமியுங்கள். இனி லாகின் செய்வது ரவுட்டரின் வேலை. உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் கேபிள்காரரின் கணக்கில் ஒரே ஆள்தான்.

சேமித்த உடனே நெட் வராவிட்டால் பதற வேண்டாம். பழைய லாகின் அவர்கள் பக்கம் சில நிமிடங்கள் அறுபடாமல் நிற்கும். ரவுட்டரை அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து போடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் மேக் பைண்டிங் இருக்கலாம். அதாவது முதன்முதலில் இணைத்த உங்கள் கம்ப்யூட்டரின் மேக் அட்ரஸை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) அவர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். வேறு எந்தக் கருவி வந்தாலும் அந்த லைன் ஏற்காது. கேபிள்காரருக்கு போன் செய்து ‘ரவுட்டர் போட்டிருக்கிறேன், மேக் ரிலீஸ் பண்ணிக் கொடுங்க’ என்றால் போதும். இரண்டு நிமிட வேலை. அவர் போனை எடுக்காவிட்டால், ரவுட்டரிலேயே ‘மேக் குளோன்’ என்று ஒரு வசதி இருக்கும். அதைப் பழைய கம்ப்யூட்டரில், அதாவது உங்களுடையதில் உட்கார்ந்து அழுத்த வேண்டும். மகனின் கம்ப்யூட்டரிலிருந்து அழுத்தினால் மகனுடைய மேக் அட்ரஸ்தான் போகும், பயனில்லை.

இப்போது மூன்றில் இரண்டில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், அந்த ஒன்றில் மட்டும் பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட். அங்கே ஐபி முகவரி 192.168 என்று தொடங்கினால் ரவுட்டரோடு பேசுகிறது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானாக ஒரு முகவரி போட்டுக்கொண்டது என்று பொருள். அப்போது வயரையோ ஜாக்கையோ சந்தேகப்படுங்கள். நன்றாக வேலை செய்யும் கம்ப்யூட்டரின் வயரை இதில் மாற்றிச் செருகினால் உடனே தெரிந்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் யாராவது முன்பு ஐபியை ‘மேனுவல்’ என்று வைத்திருந்தால் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றுங்கள்.

ஜிஎஸ்டி வேலை நடக்கும் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். எல்லாம் சரியாகி, கூகுள் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது, ஆனால் ஏதோ ஒரு வங்கித் தளமோ அரசுத் தளமோ மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால், ரவுட்டரின் வேன் பக்கத்தில் ‘எம்டியு’ (ஒரு பாக்கெட்டின், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டின் உச்ச அளவு) என்ற எண்ணைப் பாருங்கள். 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். பிபிபிஓஈ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். அதற்கு இடம் விடாமல் முழு அளவில் அனுப்பும்போது சில தளங்களோடு மட்டும் பேச்சு நின்றுபோகும். பெரும்பாலான ரவுட்டர்கள் இதைத் தாமே சரியாக வைத்துக்கொள்ளும், வைக்காதவையும் உண்டு. தாக்கல் செய்யும் கடைசி நாளில் இதைத் தேடிக்கொண்டிருக்கும் நிலைமை உங்கள் மனைவிக்கு வர வேண்டாம்.

பெரிய ரவுட்டர் வாங்கச் சொன்ன கடைக்காரர் ஒரு வயரைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எந்த ரவுட்டரை வாங்கி வந்து லேன் போர்ட்டில் செருகினாலும் இதே 691 தான் வரும்.

கேள்வி: மாதம் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். ஃபைபர் பெட்டி ஹாலில் இருக்கிறது. பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் வயர் போட்டும் 94-க்கு மேல் போகவே இல்லை. கம்பெனியில் கேட்டால் ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: 94 என்ற அந்த எண்ணே பதில் சொல்லிவிட்டது. ஏதோ ஓர் இடத்தில் உங்கள் வயர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. 100-ல் நின்றால் ஸ்பீடு டெஸ்ட் 94, 95 என்றுதான் காட்டும். கம்பெனி லைனில் நெரிசல் இருந்தால் இவ்வளவு அசையாத எண் வராது, ஏறி இறங்கும்.

முன்பு சொன்ன அதே ஈதர்நெட் பக்கத்தில் ‘லிங்க் ஸ்பீடு’ என்று இருக்கும். அது 1000/1000 என்று இருக்க வேண்டும், உங்களுக்கு 100/100 என்று காட்டும். காரணம் மூன்றில் ஒன்று. ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில், வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் 1200 என்று அட்டையில் போட்டிருந்தாலும், போர்ட் 10/100 தான். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கும்போது ‘கிகாபிட் போர்ட்’ (1000 எம்பிபிஎஸ்) என்று எழுதியிருக்கிறதா என்று அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது, கம்ப்யூட்டரின் லேன் கார்டு பழையதாக இருக்கலாம்.

மூன்றாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். லேன் வயருக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு இழைகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஓர் இழை ஜாக்கில் சரியாகக் கடிபடாவிட்டால் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் யாரும் வயரைச் சந்தேகப்படுவதில்லை. ஜாக்கை, கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று இருக்க வேண்டும். எட்டு இழையும் ஜாக்கின் நுனிவரை போயிருக்க வேண்டும். இரண்டு முனையிலும் பாருங்கள். நீலமும் பழுப்பும் இந்த ஜாக்குக்குள் போகாமல் வேறொரு ஜாக்குக்குப் பிரிந்து போயிருந்தால், ஒரே வயரில் இரண்டு கம்ப்யூட்டருக்கு லைன் பிரித்திருக்கிறார்கள். முன்பு கட்டடங்களில் வயர் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்வதுண்டு.

புது வயர் போடுவதாக இருந்தால் மேல் உறையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மலிவாக விற்கும் ‘கேட் 6’ (லேன் வயரின் ஒரு தர வகை) சுருள்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது வளைத்தால் எளிதில் ஒடியும், நீண்ட தூரத்தில் சிக்னலும் குறையும். முழுச் செம்பு வயரைக் கேட்டு வாங்குங்கள். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர்வரை 100 மீட்டர் போகலாம், வீட்டுக்கு அது தாராளம்.

கேள்வி: ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியே ரவுட்டராம். அதில் போர்ட் போதவில்லை என்று என் பழைய ரவுட்டரையும் சேர்த்தேன். இரண்டும் 192.168.1.1. இப்போது எதிலும் ஒழுங்காக நெட் இல்லை.

பதில்: போர்ட் மட்டும்தான் குறை என்றால் ரவுட்டரே வேண்டாம், ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று போதும். செட்டிங் எதுவும் இல்லை, செருகினால் வேலை முடிந்தது. பழைய ரவுட்டரைத்தான் பயன்படுத்துவேன் என்றால் அதில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் நீட்டித் தரும் வசதி, இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஹெச்சிபியை (ஐபி முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் வசதி) அணைத்து, கம்பெனிப் பெட்டியிலிருந்து வரும் வயரை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். இங்கே லேன் போர்ட்டில் செருகுவதுதான் சரி. ஈரோட்டு வாசகருக்குச் சொன்னதற்கு நேர் எதிர் என்று தோன்றும். அங்கே லாகின் செய்ய ரவுட்டர் தேவைப்பட்டது. இங்கே அந்த வேலையைக் கம்பெனிப் பெட்டி ஏற்கெனவே செய்துவிட்டது.

கேள்வி: கோடை மழையில் இடி இடித்ததிலிருந்து ரவுட்டரின் வேன் போர்ட் வேலை செய்யவில்லை. மற்ற விளக்குகள் எரிகின்றன. வாரண்டி இருக்கிறது, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். கேபிள்காரரோ ‘உங்கள் ரவுட்டர், உங்கள் பாடு’ என்கிறார். யாரிடம் போவது?

பதில்: மொட்டை மாடிகளைத் தாண்டி வெளியே ஓடிவரும் செம்பு லேன் வயர் வழியாக இடியின் மின்னழுத்தம் வந்து, அது செருகியிருக்கும் போர்ட்டை மட்டும் எரித்துவிடுவது சகஜம். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் தெரிகிறது. இடியாலும் மின்னழுத்தத்தாலும் வரும் சேதத்தைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. அட்டையில் அப்படி எழுதியிருந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. எழுதவில்லையென்றால் பில்லோடு உற்பத்தி நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கே நேராகப் போங்கள். அங்கும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள்.

கேபிள்காரர் விஷயம் வேறு. ரவுட்டருக்கு அவர் பொறுப்பில்லை என்றாலும், லைன் சரியாக இருக்கிறது என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. அவரது ஆள் வரும்போது கம்பத்து வயரை நேரே ஒரு கம்ப்யூட்டரில் செருகி, அவர் கண்முன்னே கனெக்ட் செய்து பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் ‘உங்கள் ரவுட்டர்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதற்குப் பிறகும் சரிசெய்யாவிட்டால், பில்லில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் நீங்கள் பார்ப்பவர் பெரும்பாலும் முகவர்தான், சேவை தருவது அந்த நிறுவனம். அதன் புகார் மையத்தில் பதிந்து, டாக்கெட் எண்ணை, அதாவது புகாரின் பதிவு எண்ணை வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. தீர்வு சரியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் போகலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் திறந்திருக்கிறது. தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

புது ரவுட்டர் வாங்கிய பிறகு, வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்குவதோடு வேன் வயரையும் கழற்றிவிடுங்கள். பழைய அடாப்டரைப் புது ரவுட்டரில் செருகாதீர்கள். முனை ஒரே அளவாக இருந்தாலும், ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட்டாக இருக்கலாம். கேபிள்காரரிடம் உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வந்திருந்தால் மாறிக்கொள்ளுங்கள்.