ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல்: பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம்?

வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் சிரப்பில் எத்தனை மில்லி கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம்.

அடுத்து பாட்டில் லேபிளைப் படியுங்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அதே 10 கிலோ குழந்தைக்கு, 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் சுமார் 6 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றால் 3 மில்லி போதும். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றரை மில்லிதான். அதையே சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும், அப்படியே தொடர்ந்து கொடுத்தால் கல்லீரல் தாங்காது. சமையலறைக் கரண்டி வேண்டவே வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

இரண்டு வேளைகளுக்கு இடையே ஆறு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. சளி மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்கு பரவும் காலத்தில் இபுபுரூஃபென் என்ற காய்ச்சல் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

குழந்தை விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் தெர்மாமீட்டர் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ நேரத்தைப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று நாளாகியும் விடாத காய்ச்சலையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.