முதலிடம், எந்தப் பட்டியலில்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி கேஸி மஸ்க்ரேவ்ஸின் ‘கோல்டன் அவர்’ ஆல்பத்தை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2019இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. ஆனால் அதிலிருந்து ஒரு பாட்டுகூட அமெரிக்க கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதல் பத்துக்குள் வரவில்லை என்று படித்தபோது நம்ப முடியவில்லை. நண்பர் ஒருவர், “பட்டியல் என்பது மக்களின் ரசனை. அங்கே பெண்களே பெண்குரலைக் கேட்க விரும்புவதில்லையாம், வானொலிக்காரனைத் திட்டி என்ன பயன்?” என்கிறார். அவர் சொல்வது சரியா? இன்னொன்று: கோவையில் உட்கார்ந்து நான் ஸ்பாட்டிஃபையில் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் பட்டியலில் எங்காவது சேருமா?

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

உங்கள் நண்பர் வானொலிப் பட்டியலை நேயர் விருப்பம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார். வந்த தபாலட்டைகளை எண்ணிப் போடுகிற சமாச்சாரம் அல்ல அது. நிலையம் எதைப் போட்டது, போட்ட நேரத்தில் எத்தனை பேர் அந்த அலைவரிசையில் இருந்தார்கள், இரண்டே கேள்விகள். கேட்டவருக்குப் பிடித்ததா என்பது அந்தக் கணக்கில் எங்கும் வராது.

‘முதலிடம்’ என்று யார் சொன்னாலும் எந்தப் பட்டியலில் என்று முதலில் கேட்டுவிடுங்கள். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ‘ஹாட் கன்ட்ரி சாங்ஸ்’ பல ஆண்டுகளாகக் கன்ட்ரி நிலையங்களின் ஒலிபரப்பை மட்டும் வைத்துப் போடப்பட்டு வந்தது. 2012 அக்டோபரில் அதில் ஸ்ட்ரீமிங்கையும் டிஜிட்டல் விற்பனையையும் மற்ற வகை நிலையங்களின் ஒலிபரப்பையும் சேர்த்தார்கள். பழைய கணக்கு ‘கன்ட்ரி ஏர்ப்ளே’ என்ற தனிப் பட்டியலாகப் போய்விட்டது. 2024இல் பியான்ஸேயின் ‘டெக்சஸ் ஹோல்டம்’ ஹாட் கன்ட்ரி சாங்ஸில் முதலிடம். கறுப்பினப் பெண் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஏர்ப்ளேயில் அதே பாட்டு ஏறிய உச்சம் 33. அதே பாட்டு, அதே நாடு, அதே மாதங்கள். மக்கள் தாமாகத் தேடிக் கேட்டது ஒரு எண், நிலையங்கள் போட்டுக் கொடுத்தது இன்னொரு எண்.

நிலையத்துக்கு உள்ளே போய்ப் பார்ப்போம். ஒரு கன்ட்ரி நிலையம் ஒரு சமயத்தில் சுற்றில் வைத்திருக்கும் புதுப் பாட்டுகள் ஏறக்குறைய முப்பது. விளம்பரம் போக மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுதான் போட முடியும், அதிலும் பெரும்பகுதி பழைய ஹிட்டுகள். புதியவற்றை ஹெவி, மீடியம், லைட் என்று மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். ஹெவியில் உள்ளது நாளைக்கு ஆறேழு தடவை வரும். லைட்டில் உள்ளது ஒரு தடவையோ இரண்டு தடவையோ, அதுவும் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில்.

சூட்சுமம் இங்கே இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஒரு நிலையத்தை 40,000 பேர் கேட்கிறார்கள், அதிகாலை மூன்று மணிக்கு 2,000 பேர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எண்ணுவது தடவைகளை அல்ல, காதுகளை. ஆகவே மூன்று மணிக்கு 20 தடவை போட்டால்தான் காலையில் போட்ட ஒரு தடவைக்கு ஈடாகும். ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜாடா வாட்சன் ஒலிபரப்புத் தரவுகளை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பெண்களின் பாட்டுகள் இந்த ராத்திரிக் கணக்கிலேயே அதிகம் குவிந்திருந்தன. “அவர் பாட்டை நாங்கள் போடத்தானே செய்கிறோம்” என்று நிலையம் சொன்னால் அது பொய்யல்ல. போடுகிறார்கள், ஊர் தூங்கும்போது.

அடுத்தது மென்பொருள். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்பதை மியூசிக்மாஸ்டர், ஜிசெலக்டர் போன்ற நிரல்கள்தான் அடுக்குகின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம், மனநிலை, குரல் ஆணா பெண்ணா என்று குறியீடு கொடுத்திருப்பார்கள். இரண்டு பெண்குரல் அடுத்தடுத்து வரக்கூடாது என்று ஒரு விதியை உள்ளே போட்டுவிட்டால் போதும், அப்புறம் யாரும் மறுக்க வேண்டியதில்லை. முன்னால் இருப்பது பெண் பாட்டு என்றால் அடுத்த இடத்துக்கு வரவேண்டிய பெண் பாட்டை நிரலே தள்ளிவிட்டு ஓர் ஆண் பாட்டை வைக்கும். ஆண் பாட்டுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பத்து வந்தாலும் வரிசையாகப் போகும்.

1952இல் கிட்டி வெல்ஸ் என்ற பாடகியின் பாட்டை என்பிசி வலையமைப்பு தடை செய்தது. அப்படியும் அது முதலிடத்துக்கு வந்தது. அப்போது கடை விற்பனைக்கும் ஜூக்பாக்ஸுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் இருந்தன, வானொலி ஒன்றே வாசலாக இருக்கவில்லை. 1975இல் பாடகி லொரெட்டா லின் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடியதைப் பல நிலையங்கள் போட மறுத்தன, அதுவும் 5ஆம் இடம்வரை ஏறியது. தடை என்றால் செய்தியாகும், ஜனங்கள் கடைக்குப் போய்த் தேடுவார்கள். மென்பொருளின் விதி செய்தியாவதில்லை. என் கணிப்பில் பழைய தடையைவிட இதுதான் மோசம்.

இப்போது உங்கள் நண்பரின் ரசனை வாதம். 2015இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர் ‘கன்ட்ரி ஏர்செக்’ இதழில் இதைத்தான் சொன்னார்: ரேட்டிங் வேண்டுமானால் பெண்களைக் குறையுங்கள், ஆண் பாடகர்கள்தான் சாலட்டின் கீரை, பெண்கள் அதில் தக்காளி. பெரிய ரகளையானது. அவர் கையில் தரவு இருந்தது உண்மைதான். அந்தத் தரவு எப்படி வருகிறது என்று பாருங்கள். பாட்டின் ஒரு சின்னத் துண்டை, பத்து விநாடிக்கும் குறைவாக, நேயர்களுக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்பார்கள். ஏற்கெனவே பழகிய பாட்டுக்கு நல்ல மதிப்பெண் விழும், கேட்டே இராத பாட்டுக்கு விழாது. பழக வேண்டுமென்றால் பகலில் போட வேண்டும். பகலில் போட வேண்டுமென்றால் மதிப்பெண் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற அதே கதை.

பெண்குரல் பிடிக்காது என்பது அந்த நேயர்களின் இயல்பாக இருந்தால் எப்போதும் அப்படித்தானே இருந்திருக்க வேண்டும்? வாட்சனின் 2019 அறிக்கைப்படி, ஆண்டிறுதி ஒலிபரப்புப் பட்டியலில் 2000இல் பெண்களின் பாட்டு 33.3 சதவீதம். ஷனாயா ட்வெய்ன், ஃபெய்த் ஹில், மார்ட்டினா மெக்ப்ரைட் எல்லாம் காலையும் மாலையும் ஒலித்த காலம். 2018இல் அது 11.3 சதவீதம். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாட்டின் காது இப்படி மாறாது. மாறியது நிலையங்களின் உடைமை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதன்பின் சில தலைமையகங்களே நூற்றுக்கணக்கான நிலையங்களின் ப்ளேலிஸ்ட்டைத் தீர்மானிக்கத் தொடங்கின. முன்பு ஒரு ஊர் மறுத்தால் அடுத்த ஊரில் கேட்கலாம். லொரெட்டா லின்னும் கணவரும் 1960இல் காரில் நிலையம் நிலையமாகப் போய் இசைத்தட்டைக் கொடுத்து முதல் பாட்டை 14ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தது அப்படித்தான்.

ஆல்பம் விஷயத்துக்கு வருகிறேன். கேடு அதிகம் அங்கேதான். கன்ட்ரி இசைத் தொழிலின் ஊரான நாஷ்வில்லில் வழக்கமான வரிசை இது: முதலில் ஒரு சிங்கிள், அதாவது தனியாக வெளியிடும் ஒரு பாட்டு, அதை வைத்து ரேடியோ டூர். பாடகி கிடாரோடு மாதக்கணக்கில் நிலையங்களுக்குப் போய், அவர்களுடைய கூட்ட அறையில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாடிக் காட்ட வேண்டும். சிங்கிள் மேலே ஏறினால்தான் லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், ஆல்பத்துக்குத் தேதி குறிக்கும். ஒரு சிங்கிளை நாடு முழுக்கத் தள்ளப் பல லட்சம் டாலர் ஆகும், ஏற ஒரு வருஷம்கூட ஆகும். நிலையம் பெண்களுக்கு இரண்டு மூன்று இடம்தான் தரும் என்று தெரிந்த லேபிள், தன்னிடமுள்ள இரண்டு பெண்களின் பாட்டை ஒரே சமயத்தில் இறக்காது. ஒருவர் இறங்கும்வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டியதுதான். மிக்கி கைட்டன் என்ற பாடகி கேபிடல் நாஷ்வில் லேபிளோடு ஒப்பந்தம் போட்டது 2011இல். முதல் முழு ஆல்பம் வந்தது 2021 செப்டம்பரில்.

பாட்டு எழுதுகிறவர்களும் இந்தக் கணக்கைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பண்பலை ஒலிபரப்புக்குப் பாடியவருக்குக் காசு கிடையாது, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான். வானொலியில் ஓடாவிட்டால் எழுதியவருக்கு அந்த வருமானம் இல்லை. அப்படியானால் நல்ல பாட்டு கையில் இருந்தால் அதை யாரிடம் கொண்டுபோவார்?

மஸ்க்ரேவ்ஸ் செய்தது வரிசையைத் தலைகீழாக்கியது. ‘கோல்டன் அவர்’ 2018 மார்ச்சில் வந்தது. சிங்கிள் ஏறட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்தக் கோடையில் பாப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸின் அமெரிக்க மேடைகளில் அவருக்கு முன் பாடினார். கன்ட்ரி நிலையம் பக்கமே போகாத ரசிகர்களுக்கு முன்னால் என்று பொருள். நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் வாங்கினார். அடுத்த மாதம் வந்த ஏர்ப்ளே பட்டியலில் முதல் இருபது இடங்களில் ஒரு பெண்கூட இல்லை. 1990இல் நிலையங்களை மின்னணு முறையில் கண்காணிக்கத் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஆனால் இந்த வழி எல்லோருக்கும் திறக்காது. மஸ்க்ரேவ்ஸுக்கு அதற்கு முன்பே பெயரும் கிராமியும் இருந்தன.

புதியவர்கள் பிடிக்கும் குறுக்குவழி டூயட். ஆணோடு சேர்ந்து பாடினால் மென்பொருளில் அது முழுப் பெண் பாட்டு ஆகாது, அந்த ஆணின் லேபிளும் சேர்ந்து தள்ளும். கார்லி பியர்ஸ் 2020இல் லீ பிரைஸோடு பாடி முதலிடம் வந்தார். அதே பியர்ஸ் 2022இல் ஆஷ்லி மெக்பிரைடோடு, இரண்டு பெண்களாகவே, ஏர்ப்ளே முதலிடம் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். லெய்னி வில்சன் 2023இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது வாங்கினார். அதற்கு முன் அதை வாங்கிய பெண் டெய்லர் ஸ்விஃப்ட், 2011இல். கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்களே பட்டியலைப் பார்க்கும்போது இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை நிலையம் எடுத்திருக்கிறது, வாரத்தில் மொத்தம் எத்தனை தடவை என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். 120 நிலையம், 600 தடவை என்றால் நிலையத்துக்கு வாரம் ஐந்து, தினம் ஒன்றுகூட இல்லை. எடுத்ததாகக் கணக்குக் காட்ட எடுத்தது அது. 120 நிலையம், 4,000 தடவை என்றால் வாரம் முப்பத்து மூன்று, நிஜமாகவே போடுகிறார்கள்.

கடைசியாகக் கோவை. ஏர்ப்ளேயில் உங்கள் ஸ்ட்ரீமிங் சேராது, அங்கே யாருடைய ஸ்ட்ரீமிங்கும் சேராது. ஹாட் கன்ட்ரி சாங்ஸிலும் சேராது, அது அமெரிக்காவுக்குள் கேட்பதை மட்டுமே எண்ணும். 2020இல் பில்போர்டு தொடங்கிய இரண்டு உலகப் பட்டியல்களில், அதாவது குளோபல் 200லும் அமெரிக்காவை விலக்கிய குளோபல் பட்டியலிலும், சேரும். இலவசக் கணக்கைவிடக் கட்டணக் கணக்கில் கேட்டால் எடை கூடுதல். பட்டியல் எப்படியிருந்தாலும், கோவையிலிருந்து நீங்கள் ஒரு தடவை கேட்டதற்கு ஒரு சிறு துளிக் காசு பாடியவர் பக்கம் போகிறது. அமெரிக்கப் பண்பலையில் லட்சம் பேர் கேட்டாலும் அது போவதில்லை.

அன்புடன்.