வாசகர் கேள்விகள்: மாதிரி உருக்களுக்கான சிறு பாகங்களை வார்த்தெடுத்தல்

கேள்வி: யாழ்தேவிப் புகையிரதத்தின் ஐந்து பெட்டிகளை 1:76 அளவில் அட்டையிலும் பிளாஸ்ரிக் தகட்டிலும் செய்து வருகிறேன். பெட்டிக்கு இரண்டு போகிகள் (சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டகங்கள்), போகிக்கு இரண்டு பக்கச் சட்டங்கள் என்று கணக்கிட்டால் மொத்தம் 20 சட்டங்கள் வேண்டும். ஒன்றைப் போல இன்னொன்றைச் செதுக்க என்னால் முடியவில்லை. வார்ப்பதற்கான பொருட்களைக் கொழும்பிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், விலையும் அதிகம். எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகர், மாங்குளம்)

பதில்: பொருட்களை வரவழைப்பதற்கு முன்னர், ஒரேயொரு சட்டத்தை இனிமேல் திருத்துவதற்கு எதுவுமில்லை என்னும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். அதுவே மூலம்; அதன் மேல் ஊற்றி அச்சு எடுக்கும் சிலிக்கன் றப்பர் கைரேகையைக் கூடப் பிரதி எடுக்கும் என்பதால், மூலத்தில் விட்ட ஒரு கீறல் இருபது வார்ப்புகளிலும் அப்படியே வந்து நிற்கும். புட்டி வைத்து, 400 இலக்கத் தேய்தாளாலும் பின்னர் 800 இலக்கத் தாளாலும் தேய்த்து, மெல்லிய வர்ணப் பூச்சு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய பள்ளங்கள் தாமாகவே தெரியவரும். புதிதாகப் பழகுபவர்கள் பணத்தை அச்சில் செலவிட்டுவிட்டு மூலத்தில் அவசரப்படுகிறார்கள். நான் பார்த்த மோசமான வார்ப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

உங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. பக்கச் சட்டத்தின் பின்புறம் வெளியே தெரியப் போவதில்லை. ஆகவே அதைத் தட்டையாக விட்டுவிட்டால், மேற்புறம் திறந்த ஒற்றை அச்சே போதும், இரு துண்டு அச்சுக்குப் போக வேண்டியதில்லை. மூலத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய பசையால் ஒட்டி, ஓரத்தில் இடைவெளி இல்லை என்பதை உறுதி செய்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் றப்பர் அடியில் புகுந்துவிடும். சுருள்வில்லுகளுக்கு இடையில் ஊடுருவிச் செல்லும் துளைகள் இருந்தால், அவற்றைப் பின்புறத்தில் மெல்லிய தகட்டால் மூடி, வார்த்த பின்னர் வெட்டி எடுங்கள். றப்பர் வளையும் என்பதால் சிறு உட்குழிவுகளைப் பற்றி அஞ்சத் தேவையில்லை.

சுற்றிலும் ஐந்தாறு மில்லிமீற்றர் இடம் விட்டு, பிளாஸ்ரிக் தகட்டினால் சுவர் எழுப்பி, ஒரு பெட்டியாக்குங்கள். எவ்வளவு றப்பர் தேவை என்று அறிவதற்கு, மூலத்தை மேலும் ஐந்தாறு மில்லிமீற்றர் உயரத்துக்கு மூடும்வரை பெட்டிக்குள் அரிசியைக் கொட்டி, அந்த அரிசியை ஓர் அளவுக் குவளையில் அளந்தால் போதும். மணலைப் பயன்படுத்த வேண்டாம், அது நுண்ணிய இடுக்குகளில் தங்கிவிடும்.

சிலிக்கன் றப்பர் இரண்டு வகைப்படும். வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது விலை குறைந்தது. காலப்போக்கில் சிறிது சுருங்கும், அச்சின் ஆயுளும் குறைவு. பிளாற்றினத்தால் இறுகுவது நெடுங்காலம் நிற்கும், ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ, இலற்றெக்ஸ் கையுறையோ பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே கிடக்கும். இருபது துண்டுகளுக்கு முதலாவது வகையே உங்களுக்குப் போதுமானது. இறுகுபொருளைக் கண்மதிப்பில் விடாமல், நகைக்கடைகளில் உள்ளது போன்ற சிறு தராசில் நிறுத்துச் சேருங்கள். நுண்ணிய பகுதிகளுக்கு முதலில் தூரிகையால் ஒரு படலம் பூசி, பின்னர் பெட்டியின் தாழ்ந்த ஒரு மூலையில் மட்டும், சற்று உயரத்திலிருந்து நூல் போல ஊற்றினால், குமிழ்கள் விழும் வழியிலேயே உடைந்துவிடும். ஒரு நாள் முழுவதும் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அச்சு ஆயத்தமானதும், இறுகிப் பிளாஸ்ரிக் போலாகும் திரவமான றெசினை ஊற்ற ஓட வேண்டாம். பிளாஸ்ரர் ஒஃப் பரிஸில் ஓரிரு வார்ப்புகளை எடுத்துப் பாருங்கள். மெல்லிய பகுதிகள் உடையத்தான் செய்யும், ஆனாலும் காற்று எங்கே சிக்குகிறது என்பதை மிகக் குறைந்த செலவில் அது காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மீன்பிடிப் படகு பழுதுபார்ப்பதற்கு வைத்திருக்கும் பைபர் றெசினை இந்த வேலைக்குப் பயன்படுத்தலாமா? ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன், மேற்பகுதி ஒட்டிக் கொண்டே இருந்தது. (ஒரு மாணவர், முல்லைத்தீவு)

பதில்: பயன்படுத்தலாம், சில நிபந்தனைகளோடு. படகுக்குப் பூசுவது பொலியெஸ்ரர் றெசின். காற்றிலுள்ள ஒட்சிசன் அதன் மேற்பரப்பு இறுகுவதைத் தடுப்பதால்தான் அந்த ஒட்டுந்தன்மை வந்தது. ஊற்றியவுடன் ஒரு மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்ரிக் தாளை மேலே மெதுவாகப் படியவிட்டால், காற்று தடைப்படுவதோடு பின்புறமும் தட்டையாகக் கிடைக்கும். மெல்லிய துண்டுகளில் வெப்பம் தேங்காது. ஆகையால் அவை இறுகுவதற்கு நெடுநேரம் எடுக்கும்.

இந்த றெசின் இறுகும்போது கணிசமாகச் சுருங்கும், சிலிக்கன் அச்சையும் விரைவில் கெடுத்துவிடும். அதிலுள்ள ஸ்ரைரீன் என்னும் திரவம், மாதிரிகள் செய்யும் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக் தகட்டைக் கரைத்துவிடுவதால், முற்றாக இறுகாத வார்ப்பைப் பிளாஸ்ரிக் மாதிரியில் பொருத்த வேண்டாம். றெசினை இறுகச் செய்யும் ஊக்கித் திரவத்தைப் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை சேர்ப்பார்கள்; 50 கிராம் றெசினுக்கு அது அரைக் கிராம் முதல் ஒரு கிராம் வரைதான் என்பதால், ஊசிக்குழலால் அளந்து சேருங்கள்.

இனி வருவதை வீட்டிலுள்ள பெரியவர்களும் வாசிக்க வேண்டும். அந்த ஊக்கி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கக் கூடாது. இறுகுவதை விரைவாக்கச் சேர்க்கும் கோபால்ற்று முடுக்கியையும் ஊக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்கக் கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். முடுக்கியை றெசினில் நன்றாகக் கலந்து முடித்த பின்னரே ஊக்கியைச் சேர்க்க வேண்டும். வேலையை வெளியில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

கேள்வி: பொலியூரெத்தேன் றெசின் கார்த்திகை மாதத்தில் நுரைத்துப் பொங்கியது. அதே போத்தல்கள் முன்னர் நன்றாகவே வேலை செய்தன. கலப்படமா? (ஒரு வாசகி, வவுனியா)

பதில்: கலப்படமென்று கொள்ளத் தேவையில்லை, ஈரப்பதன்தான் காரணமாக இருக்கும். ஒன்றாகக் கலக்கும் இரு திரவங்களில் ஒன்றிலுள்ள ஐசோசயனேற்று என்னும் வேதிப்பொருள் நீரோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு உண்டாகும், அதுவே நுரை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் திறந்த போத்தல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கொள்ளும். கடதாசிக் குவளையும் மரக்குச்சியும் கூட ஈரத்தைக் கொண்டு வருவதால், பிளாஸ்ரிக் குவளையையும் உலோகக் கரண்டியையும் பயன்படுத்துங்கள். அச்சைச் சற்றே சூடாக்கி உலர்த்தி, சிறிது முகப்பவுடரைத் தூவித் தட்டிவிட்டால், றெசின் மூலைகளுக்கு எளிதாக ஓடும்.

வன்னியில் இருப்பவர்கள் வேலையை இப்படிப் பிரித்துக் கொள்வது நல்லது: வெள்ளீய வகைச் சிலிக்கன் இறுகுவதற்குச் சிறிது ஈரம் தேவை என்பதால், மழைக் காலத்தில் அச்சுகளைச் செய்து வைத்து, தை பிறந்து வெயில் கண்ட பின்னர் றெசினை ஊற்றுங்கள். சித்திரை வெக்கையில் கலவை கையிலேயே இறுகிவிடும். அப்போது விடியற்காலையில், சிறு அளவுகளாக மட்டும் கலவுங்கள்.

கேள்வி: புகையிரதச் சில்லுகளுக்கு இருபுறமும் வடிவம் உண்டே, இரு துண்டு அச்சு செய்யத்தானே வேண்டும்? (ஒரு வாசகர், கிளிநொச்சி)

பதில்: ஓடாத காட்சி மாதிரி என்றால் வேண்டாம். சில்லை நடுவால் பிளந்து, இரண்டு தட்டை அரைகளாக ஒற்றை அச்சுகளில் வார்த்து, அச்சாணித் துளையில் செப்புக் கம்பியைச் செருகி மையம் பிசகாமல் ஒட்டிவிடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இலங்கைப் புகையிரதப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், 1:76 அளவில் அது 22 மில்லிமீற்றர். கடையில் அந்த அளவுக்கென்று விற்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர்தான். அதன் மேல் வைத்தால் எங்கள் பெட்டிகள் குறுகிய கால்களில் நிற்பது போலத் தோன்றும். ஆகவே தண்டவாளத்தையும் நீங்களே செய்யுங்கள்.