வாசகர் கேள்வி பதில்: சூரியனுக்குப் பக்கத்தில் நிற்பது என்ன?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அறிவியல் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை ஒரே செய்தியைப் பற்றியே இருந்தன. சூரியனுக்கு அருகே மர்மப் பொருள் ஒன்று தென்பட்டதாகக் கைப்பேசிகளில் படங்கள் சுற்றி வருகின்றன. அவை மெய்யா பொய்யா என்று கேட்கிறார்கள். ஒரே வகையான கேள்விகளைச் சேர்த்து இங்கே விடை தரப்படுகிறது.

பாலக்கோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: என் பேரன் வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றைக் காட்டினான். நீலப் பின்னணியின் நடுவே ஒரு கரிய வட்டம், அதற்குச் சற்றுத் தள்ளி இருபுறமும் சிறகு விரித்தாற்போல ஒரு வெண்ணிறப் பொருள். "பூமியைவிடப் பெரிய விண்கலம், நாசா மறைக்கிறது" என்று கீழே எழுதியிருந்தது. ஆனால் படம் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லையே?

பேரனைக் கடிந்துகொள்ள வேண்டாம். படம் உண்மையானது, அதன் கீழே எழுதியிருப்பதுதான் கதை. ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 அன்று ஏவிய சோஹோ விண்கலம், பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டு சூரியனைக் கண்காணிக்கிறது. அதிலுள்ள லாஸ்கோ என்னும் கருவி, கண்கூசும் சூரிய வட்டத்தை ஒரு தகட்டால் மறைத்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலான ஒளிமகுடத்தை மட்டும் படமெடுக்கிறது. நீங்கள் பார்த்த நீலப் படம் அக்கருவியின் சி3 என்னும் கேமரா எடுத்ததாகத் தெரிகிறது. நடுவிலுள்ள கரிய வட்டம் சூரியன் அன்று, மறைக்கும் தகடு. அதற்குள் மெல்லிய வெள்ளைக் கோட்டால் வரைந்திருக்கும் சிறு வட்டமே சூரியனின் அளவு. தகட்டிலிருந்து படத்தின் மூலையை நோக்கிக் குறுக்காக ஓடும் கரிய பட்டை, அத்தகட்டைத் தாங்கும் காம்பு. நீல நிறமும் பிறகு ஏற்றப்பட்டதுதான். கேமரா பதிவுசெய்தது வெறும் கறுப்பு வெள்ளை.

இனி சிறகுக்கு வருவோம். கேமராவின் உணரியில் இருக்கும் ஒவ்வொரு நுண்கட்டமும் ஓரளவு ஒளியைத்தான் தாங்கும். வெள்ளி, வியாழன் போன்ற பிரகாசமான கோள் ஒன்று காட்சிப் பரப்புக்குள் நுழைந்தால், அது விழும் கட்டங்கள் நிரம்பி, மிஞ்சிய மின்னூட்டம் அதே வரிசையில் இருபுறமும் வழிந்துவிடுகிறது. கோளின் இரு பக்கத்திலும் கிடைக்கோடாக வெள்ளைப் பட்டை நீள்வது அதனால்தான். இந்தச் "சிறகு" எந்தக் கோளுக்கும் ஒரே போக்கில், உணரியின் வரிசையை ஒட்டியே நீளும் என்பதிலிருந்தே, அது பொருளின் உறுப்பு அன்று, கேமராவின் குறை என்பது விளங்கும்.

எந்தக் கோள் என்று கண்டுபிடிக்க வீட்டில் மாட்டியிருக்கும் பஞ்சாங்கமே பெருமளவு போதும். குரு அஸ்தமனம், சுக்கிர அஸ்தமனம் என்று அதில் குறித்திருக்கும் நாட்கள், அந்தக் கோள் சூரியனுக்கு மிக அருகில் வந்து நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நாட்கள். சி3 கேமரா சூரியனுக்கு இருபுறமும் ஏறத்தாழ எட்டுப் பாகை வரை பார்ப்பதால், நமக்கு மறைந்த கோள் அதற்குப் பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அக்னி நட்சத்திரம் என்று நாம் புழுங்கித் தவிக்கும் காலத்தில் சூரியன் கார்த்திகையைக் கடக்கிறது என்கிறோம் அல்லவா? மே மாதத்தின் பிற்பாதியில் சி3 படத்தைப் பார்த்தால், சூரியனுக்கு வடக்கே கார்த்திகை மீன்கள் கொத்தாக நகர்ந்து போவதை நேராகவே காணலாம். சூரியனுக்குப் பக்கத்தில் எதுவுமே இருக்கக்கூடாது என்று நினைப்பவருக்குத்தான் அங்கே தெரியும் ஒவ்வொரு புள்ளியும் மர்மமாகிறது.

ஓசூரிலிருந்து பொறியாளர் ஒருவர்: 3ஐ/அட்லஸ் என்ற பொருள் 2025 அக்டோபரில் சூரியனுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒளிந்துகொண்டது என்றும், அதன் படங்களை நாசா வாரக்கணக்கில் பூட்டி வைத்தது என்றும் சொல்கிறார்கள். தாமதம் நடந்தது உண்மைதானே?

தாமதம் உண்மை. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

அந்தப் பொருளை 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக உறுதிசெய்யப்பட்டவற்றில் இது மூன்றாவது. 2017-இல் ஓமுவாமுவாவும் 2019-இல் போரிசோவும் இதற்கு முன் வந்து போயின. இது சூரியனைச் சுற்றுவதில்லை. ஒருமுறை வந்து வளைந்து, திரும்பாமலே போய்விடும். 2025 அக்டோபர் 29 அன்று சூரியனை நெருங்கியது என்றாலும், அந்த நெருக்கமே ஏறத்தாழ 20 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தொலைவு 15 கோடி கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் கொண்டால், "சூரியனை உரசிக்கொண்டு போனது" என்ற பேச்சு எவ்வளவு பொருந்தாதது என்பது தெரியும். அந்த நாட்களில் பூமி சூரியனுக்கு இந்தப் பக்கமும் அது அந்தப் பக்கமும் இருந்ததால், பார்வைக் கோட்டில் இரண்டும் ஒட்டியிருந்தன, அவ்வளவே. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு மேற்கே நின்று பார்ப்பவருக்கு முழுநிலா கோட்டைச் சுவரைத் தொட்டுக்கொண்டு எழுவதாகத் தோன்றுவதைப் போன்றதுதான் இது.

மறைப்பு என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அக்டோபர் தொடக்கத்தில் அப்பொருள் செவ்வாய்க்கு ஏறத்தாழ 3 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது, நாசாவின் செவ்வாய்ச் சுற்றுக்கலம் அதைப் படமெடுத்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசின் செலவுகளுக்கு அந்நாட்டு நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன; படங்கள் நவம்பர் 19 அன்றுதான் வெளியாயின. சந்தேகம் கிளம்பியதில் வியப்பில்லை. அதற்காக உலகமே வாய்மூடி இருந்துவிடவில்லை. ஐரோப்பியர்களின் செவ்வாய்க்கலம் எடுத்த படங்கள் அக்டோபர் 7 அன்றே வெளியாகிவிட்டன. சீனத்தின் செவ்வாய்க்கலமான தியான்வென் 1 எடுத்தவை நவம்பர் முதல் வாரத்தில் வந்தன. பல நாடுகளின் கண்கள் ஒரே பொருளின் மேல் இருக்கும்போது ஒரு நாட்டு அலுவலகம் பூட்டிக் கிடப்பதால் எதையும் மறைத்துவிட முடியாது என்பதே என் கருத்து.

ஹார்வர்ட் பல்கலைக்கழக வானியலாளர் அவி லோப், அது செயற்கைப் பொருளாகவும் இருக்கலாம் என்று தொடர்ந்து எழுதினார். அப்படிக் கேட்பது தவறு அன்று. கேட்ட பிறகு அளவீடுகள் சொல்வதையும் கேட்க வேண்டும். அதைச் சுற்றி வாயுவும் தூசியும் கொண்ட திரை இருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதில் கரியமில வாயு மிகுந்திருப்பதைக் கண்டது. தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி அக்டோபர் 24 அன்று அதிலிருந்து பதிவுசெய்த ரேடியோ அடையாளத்தை "வேற்றுலகச் செய்தி" என்று பரப்பினார்கள். அது நீர்மூலக்கூறு சூரிய ஒளியில் உடைந்து உண்டாகும் ஹைட்ராக்சிலின் அடையாளம். வால்வெள்ளிகளில் வழக்கமாகத் தேடப்படுவதும் அதுதான். டிசம்பர் 19 அன்று பூமிக்கு மிக அருகே அது வந்தபோதும் 27 கோடி கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது.

காவேரிப்பட்டணத்திலிருந்து மாந்தோப்பு வைத்திருப்பவர்: படம் பிறர் அனுப்பியது அன்று, நானே எடுத்தது. மாலையில் தோப்பில் நின்று கைப்பேசியில் சூரியனைப் படமெடுத்தபோது எதிர்ப்புறத்தில் பச்சை நிறத்தில் உருண்டையாக ஒன்று பதிந்திருக்கிறது. மூன்று படங்களிலும் இருக்கிறது. நேரில் கண்ணுக்குத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கைப்பேசிக் கேமராவில் பல சிறு வில்லைகள் அடுக்கடுக்காக உள்ளன. சூரியனைப் போன்ற கடும் ஒளி உள்ளே நுழைந்தால், அவற்றின் பரப்புகளுக்கு இடையே எதிரொளித்துச் சூரியனின் சிறிய போலி உரு ஒன்றை உண்டாக்கும். உங்கள் படத்தில் சூரியனிலிருந்து அந்தப் பச்சை உருண்டைக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் படத்தின் நடுப்புள்ளி வழியாகவே போகும். மறுபடி எடுக்கும்போது கைப்பேசியை மெல்ல இடப்பக்கம் திருப்பினால், திரையில் சூரியன் ஒரு பக்கமும் உருண்டை எதிர்ப்பக்கமும் ஓடும். ஒரு மாங்கிளைக்குப் பின்னால் சூரியன் மறையும்படி நகர்ந்து நின்றால் உருண்டை அக்கணமே காணாமல் போகும். வானத்தில் உண்மையாகவே ஒரு பொருள் இருந்தால், சூரியனை மறைத்தவுடன் அது இன்னும் நன்றாகத் தெரிய வேண்டுமே ஒழிய மறையக்கூடாது. ஆனால் இந்தச் சோதனைகளைக் கைப்பேசித் திரையில் மட்டும் செய்யுங்கள்; பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பிப் பார்த்தால் நொடியில் பார்வை போய்விடும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வாசகி ஒருவர்: சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டமும் அதன் இருபுறமும் இரு சிறு சூரியன்களும் தெரிந்தன. இதுவும் பிரதிபலிப்புத்தானா?

இல்லை, இது கண்ணாலேயே காணக்கூடிய மெய்யான காட்சி. ஆனால் நம் வளிமண்டலத்திலேயே நிகழ்வது. மிக உயரத்திலுள்ள மெல்லிய கீற்று மேகங்களில் இருக்கும் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் 22 பாகை ஆரத்தில் அந்த வட்டம் உண்டாகிறது. நிலாவுக்கு வந்தால் "கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும்" என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

அரூரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: இணையத்தில் எழுதுபவர்கள் இருக்கட்டும். சூரியனுக்கு அருகே இல்லாத ஒன்றை இருப்பதாக அறிவியலாளர்களே நம்பியதுண்டா?

உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். கோளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பிரான்சு நாட்டு வானியலாளர் லெ வெரியே, யுரேனசின் போக்கில் கண்ட பிசகை வைத்தே இன்ன இடத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று கணித்துச் சொல்ல, 1846-இல் அவர் காட்டிய இடத்துக்கு மிக அருகிலேயே நெப்டியூன் கிடைத்தது. அதே மனிதர் புதனின் பாதையிலும் ஒரு சிறு பிசகைக் கண்டார். புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே வருகிறது. மற்றக் கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 விகலை மிஞ்சியது என்பது பிற்காலத்தில் செம்மைப்பட்ட கணக்கு. ஒரு பாகையில் 3,600 விகலை. ஆக, மிஞ்சியது மிகச் சிறியதே. ஆனாலும் கணக்கில் இடிக்கிறது. முன்பு பலித்த உபாயத்தையே கைக்கொண்டு, புதனுக்கு உட்பக்கம் காணாத கோள் இருக்க வேண்டும் என்று 1859-இல் அவர் அறிவித்தார்.

அறிவித்ததும் சாட்சியும் வந்தது. லெகார்போ என்ற கிராமத்து மருத்துவர், அந்த ஆண்டு மார்ச் 26 அன்று சூரிய வட்டத்தின் மேல் ஒரு கரும்புள்ளி கடந்து போனதைத் தம் தொலைநோக்கியில் பார்த்ததாக எழுதினார். லெ வெரியே நேரில் போய் அவரைக் குடைந்து குடைந்து விசாரித்து, ஏற்றுக்கொண்டு, கோளுக்கு வல்கன் என்ற பெயரையும் வழங்கினார். 1878 ஜூலை 29 முழுச் சூரிய கிரகணத்தின்போது அமெரிக்காவில் இருவர் அதைக் கண்டதாகச் சொன்னார்கள். ஆனால் இருவர் குறித்த இடங்களும் ஒத்துப்போகவில்லை. அடுத்தடுத்த கிரகணங்களில் எடுத்த ஒளிப்படங்களில் எதுவும் சிக்கவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தமது பொதுச் சார்பியல் கோட்பாட்டைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்த 43 விகலையும் எந்தக் கோளின் உதவியும் இல்லாமல் தானாகவே வந்து விழுந்தது. லெ வெரியே 1877-இலேயே காலமாகிவிட்டார். வல்கன் உண்டு என்ற நம்பிக்கையோடுதான் போனார்.

இந்தக் கதையில் யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தேர்ந்த கணக்கரும் நேர்மையான பார்வையாளரும் சேர்ந்தே வழுக்கியிருக்கிறார்கள். இணையப் பேச்சுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: வல்கனை நம்பியவர்கள், அது இன்ன நாளில் இன்ன இடத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டு, தெரியாதபோது திரும்பத் திரும்பப் போய்த் தேடினார்கள். உலகம் அழியப்போகிறது என்று 2003-க்கும் பிறகு 2012-க்கும் நாள் குறிக்கப்பட்ட நிபிரு என்னும் கற்பனைக் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். வராதபோது நாளைத்தான் மாற்றினார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: நம்முடைய ஆதித்யா எல்1 அங்கேதானே இருக்கிறது? அது ஏன் எதையும் காட்டவில்லை? பக்கத்திலுள்ள காவலூர் தொலைநோக்கியால் பார்க்க முடியாதா?

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்த ஆதித்யா, சோஹோவைப் போலவே 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஒளிமகுடக் கருவி சூரியனை ஒட்டிய பகுதியை நுட்பமாக ஆராய்வதற்காகச் செய்யப்பட்டது; சூரிய மையத்திலிருந்து மூன்று சூரிய ஆரத்துக்குள் மட்டுமே பார்க்கும். வானில் அது ஒரு பாகைக்கும் குறைவு. பேரனின் படத்தில் இருந்த கோள் அதன் பார்வைக்குள் வருவதே அரிது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் இருப்பவை இரவு வானுக்கான தொலைநோக்கிகள். 1977-இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவற்றுள் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. சூரியனுக்குக் கொடைக்கானல், நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறார்கள்.

பென்னாகரத்திலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர்: வீட்டிலிருந்தபடியே நானே அந்தப் படங்களில் தேடிப் பார்க்க முடியுமா?

தாராளமாக. சோஹோவின் படங்கள் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் கிடக்கின்றன. சூரியனை உரசிப் போகும் வால்வெள்ளிகள் 5,000 வரை அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாக 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் ஆர்வலர்களே. ஒரே நாளின் படங்களைத் தொடர்ச்சியாக அடுக்கிப் பாருங்கள். ஒரு படத்தில் மட்டும் தோன்றி அடுத்ததில் இல்லாத புள்ளி, உணரியில் மோதிய அண்டக்கதிர், அதாவது விண்வெளியிலிருந்து வேகமாக வரும் நுண்துகள். சூரியப் புயலின்போது இவை படம் முழுக்க வெள்ளைப் பொரியாகக் கொட்டும். எல்லாம் ஒன்றாக ஒரே வேகத்தில் இடமிருந்து வலம் நகர்ந்தால் விண்மீன்கள். இவற்றோடு சேராமல், மணிக்கணக்காக ஒரே திசையில் சூரியனை நோக்கிப் போகும் மங்கலான புள்ளி கிடைத்தால், ஒவ்வொரு படத்திலும் அதன் இடத்தையும் நேரத்தையும் குறித்து, இதற்கென உள்ள சன்கிரேசர் திட்டத்துக்கு அனுப்பலாம். உறுதியானால் கண்டவர் என்று உங்கள் பெயர் பதிவாகும்; வால்வெள்ளிக்கு மட்டும் சோஹோ என்றுதான் பெயர் வைப்பார்கள்.